‘சிவியர்’ என்று எழுதினால்

மழைக்குப் பின்னால் காய்ச்சல் வரும் என்பது கலவான பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சிங்கராஜ வனத்துக்குக் குடாவ வழியாகப் போகிறவர்கள் கடந்து செல்லும் இந்தச் சிறு நகரைச் சுற்றி, தாழ்நிலத் தேயிலையும் ரப்பரும் வயலும் மாணிக்கக்கல் குழிகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரத்தின் சிரட்டையில் மழைத்தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும். வயற்சேற்றிலும் குழித்தண்ணீரிலும் எலியின் சிறுநீரோடு வந்த கிருமி கலந்திருக்கும். 2017 மே மாதக் கடைசியில் இந்தப் பிரதேசத்தை வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்து தாக்கின. அதே ஆண்டில்தான் இலங்கை அதுவரை கண்டிராத பெரிய டெங்குப் பரவலும் நடந்தது. அந்த ஆண்டில் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள்.

தோட்டத்து லயத்திலிருந்து காய்ச்சலோடு ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தால், அவருடைய நோய் மூன்று மொழிகளில் பயணம் செய்கிறது. வைத்தியர் பெரும்பாலும் சிங்களத்தில் விசாரிப்பார். கட்டில் டிக்கெட்டில் ஆங்கிலத்தில் எழுதுவார். வீட்டார் அதைத் தமிழில் விளங்கிக்கொள்ள வேண்டும். மைல்ட், அக்யூட், சிவியர், கிரிட்டிக்கல், சீரியஸ் என்று ஐந்து வெவ்வேறு சொற்கள் எழுதப்பட்டாலும், வார்ட்டிலிருந்து லயத்துக்குச் செய்தி போய்ச் சேரும்போது எல்லாம் ஒன்றாகிவிடும். “ஆளுக்கு ரொம்ப சீரியஸாம்” என்பார்கள். சிங்களம் பழகியவர்கள் “அமாருவாம்” என்பார்கள். ஆனால் வைத்தியத்தில் இந்த ஐந்து சொற்களும் ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால், பயப்பட வேண்டிய நேரத்தில் நிம்மதியும் நிம்மதியாக இருக்கக்கூடிய நேரத்தில் பயமும் வந்துவிடும்.

முதலில் அக்யூட். வீட்டுக்குக் கொடுத்துவிடும் டயக்னோசிஸ் கார்ட்டில் ‘அக்யூட்’ என்று பார்த்ததும் பெரிய வியாதி என்று நினைப்பவர்கள் பலர். அந்தச் சொல் சொல்வது காலத்தைப் பற்றி மட்டுமே. நோய் திடீரென்று தொடங்கியது, நாட்கணக்கில் அல்லது சில வாரங்களில் ஒரு முடிவுக்கு வரும் என்பதே அதன் பொருள். இலத்தீனில் கூர்மையைக் குறித்த சொல் அது. கணிதத்தில் அதே சொல்லைத் தமிழ் ‘கூர்ங்கோணம்’ என்று சரியாகப் பிடித்தது. மருத்துவத்தில் மட்டும் ‘கடுமையான’ என்றும் ‘தீவிர’ என்றும் எழுதிப் பழகிவிட்டோம். ஹிப்பொகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூல்களிலேயே இப்படி விரைந்து வந்து விரைந்து முடியும் நோய்களுக்கான உணவு முறையைப் பற்றித் தனி நூல் உண்டு. அக்யூட்டுக்கு எதிர்ச்சொல் மைல்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் எதிர்ச்சொல் ‘க்ரொனிக்’, அதாவது நாட்பட்டது. இரண்டு நாள் மூக்கொழுகும் தடிமனும் அக்யூட்தான். பத்து வருடமாகச் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருக்கும் நோய் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் அக்யூட் ஆகாது.

இந்தக் குழப்பத்தை 2003 மார்ச் மாதம் உலகமே ஒரு பெயரில் பார்த்தது. உலக சுகாதார நிறுவனம் ‘சார்ஸ்’ என்று பெயரிட்ட நோயின் முதல் இரண்டு எழுத்துகள் சிவியருக்கும் அக்யூட்டுக்கும் உரியவை. திடீரென வருவது, ஆழமாகப் பாதிப்பது என்ற இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் இரண்டு சொற்கள் வைத்தார்கள். தமிழ்ச் செய்திகளில் அது ‘கடும் சுவாச நோய்’ என்று ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போனது.

சிவியர் என்பது அளவைக் குறிக்கும் சொல். நோய் உடலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கான விடை அது. அந்த ஆழத்தை யார் அளப்பது, எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. நோயாளி அளப்பது வலியால். தாய் அளப்பது நெற்றியில் கைவைத்து, சூட்டால். வைத்தியம் அளப்பது வேறொன்றால். டெங்குவைப் போல இந்த இடைவெளியைத் துலக்கமாகக் காட்டும் நோய் வேறில்லை.

டெங்குக் காய்ச்சலின் முதல் மூன்று நாளும் நோயாளி படாத பாடு படுவார். 103, 104 பாகை காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பது போல உடல்வலி. பார்ப்பவர்களுக்கு இதைவிட ‘சிவியர்’ ஆன நிலை இருக்க முடியாது என்று தோன்றும். வைத்தியரோ அந்த நாட்களில் பெரும்பாலும் அமைதியாக இருப்பார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விடும். வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். வைத்தியரின் கவலை தொடங்குவது அப்போதுதான். சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, அந்த வேளையில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் போய்த் தேங்கும். அடுப்பில் வற்றும் குழம்பு போல, குழாய்களுக்குள் எஞ்சிய இரத்தம் தடித்துப்போகும். அந்தத் தடிப்பைத்தான் பி.சி.வி. என்ற பரிசோதனையில் பார்க்கிறார்கள். வழக்கமான அளவைவிட அது 20 சதவீதம் ஏறினால் கசிவு நடப்பது உறுதி. பிளேட்லெட் எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே வருவது அதற்கு முந்திய எச்சரிக்கை. கசிவு மிகுந்தால் இரத்த அழுத்தத்தின் மேல் அளவும் கீழ் அளவும் ஒன்றையொன்று நெருங்கும். இரண்டுக்கும் இடையே 20 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசம் வந்துவிட்டால் நோயாளி அதிர்ச்சி நிலையில் இருக்கிறார். கைகால் குளிர்ந்திருக்கும். ஆனால் அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டும் இருக்கக்கூடும். டெங்குவின் கொடுமையே இதுதான். காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை, ஆள் தெளிவாகப் பேசுகிறார், டிக்கெட்டில் மட்டும் ‘சிவியர்’.

இந்தக் கசிவுக் காலம் 24 முதல் 48 மணித்தியாலம் வரைதான். அதற்குப் பெயர் ‘கிரிட்டிக்கல்’ கட்டம். இங்கே அடுத்த குழப்பம். கிரிட்டிக்கல் என்று தாதி சொன்னதும் வாசலில் நிற்பவர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு அது உயிர் ஊசலாடுவதைக் குறிக்கும் சொல். அந்தச் சொல்லின் கிரேக்க வேர் ‘தீர்ப்பு’ என்பதற்கு உரியது. நோய் எந்தப் பக்கம் சாயும் என்று முடிவாகும் வேளை என்பதே பழைய மருத்துவர்கள் அதற்குக் கொடுத்த பொருள். டெங்கு வார்ட்டில் இன்றும் அதே பொருளில்தான் வழங்குகிறது. கிரிட்டிக்கல் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர், ஒழுங்காகக் கவனித்தால், நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள்.

ஒழுங்காகக் கவனிப்பது என்றால் கணக்குப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பது. ஐம்பது கிலோ எடையுள்ள வளர்ந்த ஒருவருக்கு அந்த முழுக் கட்டத்துக்குமாக அனுமதிக்கும் அளவு 4,600 மில்லிலீற்றர். ஒரு நாளைய தேவை 2,100, கசிவை ஈடுசெய்ய 2,500 என்ற கூட்டலில் வருவது அது. சேலைன் மட்டுமல்ல, வாயால் குடிக்கும் கஞ்சியும் இளநீரும் இந்தக் கணக்கில் சேரும். பார்க்க வருகிறவர்கள் அன்போடு நான்கைந்து செவ்விளநீர் கொண்டுவந்து, தாதி பார்க்காத நேரத்தில் குடிக்கக் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும்? கசிவு நின்றதும் வெளியே தேங்கிய நீரெல்லாம் குழாய்களுக்குள் திரும்பும். அளவுக்கு மிஞ்சிய நீர் அதோடு சேர்ந்து நுரையீரலை நிரப்பி மூச்சை முட்டும். கசிவால் இறந்தவர்களைப் போலவே, மிஞ்சிய நீரால் இறந்தவர்களும் உண்டு. ஆகவே வார்ட்டில் “எவ்வளவு குடிச்சீங்க, எவ்வளவு சிறுநீர் போச்சு” என்று மணிக்கு மணி கேட்டால் எரிச்சல்படாமல் விடை சொல்லுங்கள். அந்த விடைதான் வைத்தியம்.

டெங்குவின் கடுமையை எப்படி வகுப்பது என்பதில் உலகம் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை. பாங்கொக் குழந்தைகள் வைத்தியசாலை அனுபவத்தை அடிப்படையாக வைத்து, டெங்குக் காய்ச்சல் ஒன்று, ‘டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சல்’ இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாவதற்கு நான்கு படிகளும் வைத்தார்கள். 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியிலும் அதுவே இருந்தது. இந்தப் பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. இரத்தப்பெருக்கு என்று பெயர் இருந்தாலும் நோயின் உயிர்நாடி பிளாஸ்மாக் கசிவு. மூக்கிலோ ஈறிலோ இரத்தம் வரவில்லையே என்று ஆறுதல் அடைந்த எத்தனையோ குடும்பங்களுக்கு உள்ளே நடந்த கசிவு தெரியாமலே போயிருக்கிறது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் பழைய பெயரை விட்டு, எச்சரிக்கை அறிகுறி இல்லாத டெங்கு, எச்சரிக்கை அறிகுறி உள்ள டெங்கு, ‘சிவியர் டெங்கு’ என்று மாற்றியது. மூச்சு முட்டும் அளவுக்கோ அதிர்ச்சி வரும் அளவுக்கோ கசிவு, பெரும் இரத்தப்போக்கு, ஈரல், மூளை, இதயம் போன்ற உறுப்பின் பாதிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தால்தான் அந்த மூன்றாம் பெயர்.

இலங்கை வைத்தியர்கள் பழைய பிரிவைக் கைவிடவில்லை. 2010இலும் பிறகு 2012இலும் வெளிவந்த தேசிய வழிகாட்டிகள் கசிவு உள்ளதா, இல்லையா என்ற கேள்வியையே நடுவில் வைத்தன. நீர்கொழும்பு வைத்தியசாலையில் இதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையமும் இயங்குகிறது. என் பார்வையில் அந்த முடிவு சரியானது. ‘சிவியர்’ என்று பெயர் வைக்கும் வரை காத்திருப்பது, வீடு பற்றிய பிறகு தீ என்று எழுதுவதற்குச் சமம். கசிவைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் அந்தச் சொல்லை எழுதும் தேவையே பலருக்கு வராது. 2009இல் நாட்டில் சுமார் 35,000 டெங்கு நோயாளிகளில் 346 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஒருவர். நோயாளிகள் ஐந்து மடங்குக்கு மேல் பெருகிய 2017இல் இறப்பு வீதம் அதில் கால்வாசி அளவுக்கு இறங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் டெங்குவுக்குப் புது மருந்து எதுவும் வரவில்லை.

மூன்றாம் நாள் வெளிநோயாளர் பிரிவில் இரத்தம் பார்த்து ‘மைல்ட்’ என்று சொல்லி அனுப்பினால், அது அந்த மணிநேரத்துக்கான விடை. நாளைக்கான உத்தரவாதம் அதில் இல்லை. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல், குழந்தை சோர்ந்து சுருண்டு கிடத்தல் போன்ற ஏதேனும் வந்தால், முந்தைய நாள் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் திரும்பி ஓட வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோலைத் தவிர வேறு வலிமருந்து வேண்டாம்.

சீரியஸ் என்ற சொல்லுக்கும் சிவியருக்கும் உள்ள வேறுபாட்டை மிகத் துல்லியமாக எழுதி வைத்திருப்பவர்கள் மருந்துப் பாதுகாப்புத் துறையினர். 1994இல் வந்த சர்வதேச வரையறைப்படி, சிவியர் என்பது தாக்கத்தின் உக்கிரம், சீரியஸ் என்பது அதன் விளைவு. மருந்தோ தடுப்பூசியோ எடுத்தபின் தலை பிளப்பது போல வலித்தால் அது சிவியர்; இரண்டு மணிநேரத்தில் தானாகத் தீர்ந்தால் சீரியஸ் இல்லை. உயிருக்கு ஆபத்து, வைத்தியசாலையில் தங்க வேண்டிய நிலை, நிலையான இயலாமை, பிறவிக் குறைபாடு, மரணம் போன்ற விளைவு வந்தால் மட்டுமே சீரியஸ். தடுப்பூசிக்குப் பின் குழந்தை இரவெல்லாம் வீறிட்டு அழுதது என்ற செய்தி லயத்துக்கு லயம் பரவும்போது இந்த வேறுபாடு தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தால் நல்லது.

எலிக்காய்ச்சலுக்கு வருவோம். இரத்தினபுரியும் கேகாலையும் இந்த நோய்க்குப் பேர்போன மாவட்டங்கள். 2008இல் இலங்கையில் பெரும் பரவல் வந்தபோது 7,000க்கும் மேற்பட்டோர் சந்தேக நோயாளிகளாகப் பதிவாகி, 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் வைல் 1886இல் விவரித்தது இதன் கொடிய வடிவத்தைத்தான்: காய்ச்சல், மஞ்சள் காமாலை, சிறுநீரகம் பழுதாதல். கிருமியை ஜப்பானின் கியூஷூ தீவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே இனாடாவும் இடோவும் கண்டுபிடித்தது 1915இல். தண்ணீர் தேங்கிய குழிக்குள் உடல் நனைந்து வேலை செய்கிறவரின் நோய் இது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மாணிக்கக்கல் குழியில் இறங்குகிறவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் வைல் விவரித்த வடிவம் நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்கே வரும். பெரும்பாலானவர்களுக்கு அது சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். கெண்டைக்கால் தசை தொட முடியாதபடி வலிக்கும், கண் சிவக்கும், அவ்வளவுதான். எனவே ‘மஞ்சள் இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை’ என்ற முடிவு தவறு. மஞ்சள் வருவதற்கு முன்பே சிறுநீரகம் பழுதாகலாம். நுரையீரலுக்குள் இரத்தம் கசியும் வடிவத்தில் மஞ்சளே இல்லாமலும் இருக்கலாம்; அந்த வடிவத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இறக்கக்கூடும். கடுமையைத் தடுக்கும் வழி எளிது. வயலிலோ குழியிலோ இறங்கும் காலத்தில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாகக் கிடைக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் வீதம், அவர் சொல்லும்படி விழுங்க வேண்டும். காய்ச்சல் வந்துவிட்டால், “டாக்டர், நான் குழியில வேலை செய்றவன்” என்ற வாக்கியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எந்த இரத்தப் பரிசோதனையும் அந்த வாக்கியத்தைப் போல விரைவாக வழிகாட்டாது.

கடுமை கிருமியில் மட்டும் இருப்பதில்லை. இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவ இதை 1934, 35ஆம் ஆண்டுகளில் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. அந்த மலேரியாவில் இலங்கை முழுதும் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் கேகாலை ஒன்று. வழக்கமாக மழை கொட்டும் நாட்டில் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. நுளம்புக்கு அது வசதி. விளைச்சல் போனது மனிதனுக்கு இடி. மலேரியா அதிகம் பழகாத உடம்புகளில், அதுவும் பட்டினி கிடந்த உடம்புகளில், ஒட்டுண்ணி ஏறியது. நிவாரண வேலைக்குப் போன இடதுசாரி அரசியல்வாதி என். எம். பெரேரா போன்றவர்கள் கொயினாவோடு பருப்பும் கொண்டு போனார்கள். அவருக்குப் ‘பருப்பு மஹத்தயா’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டே ருவன்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். மருந்து மட்டும் போதாது, சோறு வேண்டும் என்று கண்டவர்கள் நோயின் கடுமையைச் சரியாக அளந்தவர்கள் என்றே சொல்வேன்.

இங்கிருந்து தோட்டங்களின் இன்றைய நோய்க்கு வர ஓர் அடி போதும். குழந்தைப் போசாக்கின்மையை அளக்கும்போதும் இதே சொற்கள் வருகின்றன. உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் குழந்தை மெலிந்துபோனால் அது அக்யூட் போசாக்கின்மை. மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் ‘சிவியர் அக்யூட்’. அந்தப் பெயர் எழுதப்பட்டதும் எச்சரிக்கை மணி அடிக்கும். தனி உணவு, தொடர் கண்காணிப்பு, தேவைப்பட்டால் வைத்தியசாலை எல்லாம் கிடைக்கும். கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை நாட்பட்ட போசாக்கின்மையில் இருக்கிறது. அது மெலிந்து தெரியாது. குட்டையாக, ஆனால் அளவாக, ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். நாடு தழுவிய 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் இப்படி வளர்ச்சி குன்றியவர்கள் 17.3 சதவீதம். தோட்டப் பகுதிகளில் மட்டும் பார்த்தால் 31.7 சதவீதம். ஏறத்தாழ மூவரில் ஒரு குழந்தை. முதல் ஆயிரம் நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னால் முழுதாக மீட்பது கடினம். உயரத்தோடு கற்கும் திறனும் பின்னாளில் உழைக்கும் திறனும் சேர்ந்தே குறைகின்றன. இது அக்யூட் இல்லை, ஆகவே அவசரமில்லை என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறோம். ஒரு மலேரியாப் பருவத்தை விடக் கூடுதலான வாழ்க்கைகளை அது குறுக்கியிருக்கிறது.

வாசிக்கிற நீங்கள் கலவானையிலோ நிவித்திகலையிலோ தெரணியகலையிலோ இருந்தால், அடுத்த முறை உங்கள் வீட்டார் ஒருவரின் கார்ட்டில் இந்தச் சொற்களில் ஒன்றைக் கண்டால் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். இப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆபத்தான நேரம் எப்போது தொடங்கி எப்போது முடியும்? வீட்டில் எதைக் கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்? விடையைத் தமிழில் இரண்டு வரி எழுதித் தரும்படியும் கேளுங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வைத்தியசாலை ஓர் அரச அலுவலகம்.